உங்களுக்குத் தெரியுமா? மலையேறும் எஸ்.யூ.வி.யும் திரும்ப அழைக்கும் கம்பெனியும்

கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரு காலத்தில் ஜீப்பும் அரசு பஸ்ஸும்தான் ஓடின. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் நின்றால் கிரெட்டா, செல்டோஸ், ஸ்கார்ப்பியோ, எக்ஸ்.யூ.வி. 700, கிராண்ட் விட்டாரா என்று வரிசையாக மலையேறுகின்றன. பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் போகிற வெளியூர் வண்டிகள் பாதி என்றால், மீதி நம்மூர் வண்டிகள். கரும்பு, மரவள்ளிப் பணத்தில் வாங்கியவை, வெளிநாட்டுச் சம்பளத்தில் வாங்கியவை, சென்னையிலோ சேலத்திலோ ஒருவர் ஓட்டி முடித்துக் கைமாறி வந்தவை. இந்த வாரத் துணுக்குகள் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு.

கடிதம் வேறு வீட்டுக்குப் போகும்

ஒரு மாடலில் குறை இருப்பது தெரிந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கம்பெனியே காசு வாங்காமல் சரிசெய்து தரும். தகவல் எப்படி வரும்? கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்கும். அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இருப்பது முதலில் வாங்கியவரின் பெயர். நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றி ஆர்.சி.யைக் கையில் வாங்கியிருக்கலாம், இன்சூரன்ஸையும் மாற்றியிருக்கலாம். ஷோரூம் கணினியில் வண்டி இன்னும் அதை முதலில் வாங்கிய சென்னை அண்ணா நகர்க்காரர் பெயரில்தான் இருக்கும். அவருக்குக் குறுஞ்செய்தி போகும். 'அதைத்தான் வித்தாச்சே' என்று அவர் அழித்துவிடுவார். குறை மட்டும் உங்களோடு கல்வராயன் மலை ஏறும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாரண்டி முடிந்ததும் வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் போகிறது. அதில் தப்பில்லை, கை சுத்தமான மெக்கானிக் கிடைப்பது வரம். ஆனால் எந்த மாதம் செய்த வண்டியில் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அவரிடம் இருக்காது. அது கம்பெனி சர்வீஸ் சென்டர் கணினியில்தான் இருக்கிறது.

ஒரே அறிவிப்பில் 1,08,306

2023 ஆகஸ்டில் மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 வண்டிகளில் 1,08,306-ஐச் சோதனைக்கு அழைத்தது. 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை செய்தவை அத்தனையும். காரணம், இன்ஜின் பகுதியில் போகும் வயரிங் கட்டு உரசித் தேய்ந்து அறுபடக்கூடும் என்பது. பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இன்றைய வண்டியில் அந்த வயர் வழியாகத்தான் எல்லாக் கட்டளையும் போகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022-இல், அதே எக்ஸ்.யூ.வி. 700-இல் 12,566, ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் 6,618. இரண்டும் கியர் போட்டு ஓட்டும் மேனுவல் வகை. 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை செய்தவை. கிளட்ச் உறைக்குள் இருக்கும் ஒரு ரப்பர் உறுப்பின் அளவு, சப்ளை செய்த இடத்தில் தரம் பிரித்தபோது தவறியிருக்கலாம் என்று கம்பெனி சொன்னது. கைக்குள் அடங்கும் ரப்பர் துண்டுக்காக 19,184 வண்டிகள்.

இந்த எக்ஸ்.யூ.வி. 700 உருவானதில் செங்கல்பட்டு பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம்மிடமிருந்து அரை நாள் தூரம்கூட இல்லை.

மெஷின் செட்டிங் தவறினால்

மகிந்திராவின் தார் டீசல் வண்டிகள் 1,577-ஐ 2021 பிப்ரவரியில் அழைத்தார்கள். 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை செய்தவை. கேம்ஷாஃப்ட் செய்து தரும் ஆலையில் மெஷின் செட்டிங் தவறியதுதான் காரணம்.

அடிக்கடி அழைக்கும் கம்பெனி மோசமா?

இல்லை. 'அந்த வண்டியா? அதைத்தான் லட்சக்கணக்கில் திரும்ப வாங்கினாங்களே!' என்று டீக்கடையில் பேசுவது சுலபம். முதலில், அவை திரும்ப வாங்கப்படவில்லை, சரிசெய்து கொடுக்கப்பட்டன. அடுத்து, லட்சம் வண்டி ஓடினால் குறை இல்லாமல் இருக்காது. வெளியே சொல்லும் கம்பெனியைவிட, சர்வீசுக்கு வரும்போது உங்களிடம் சொல்லாமல் பாகத்தை மாற்றிவிட்டு 'வாட்டர் வாஷ் செய்தாச்சு சார்' என்று சாவியைக் கொடுக்கும் கம்பெனியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமா?

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். 'கச்சிராயபாளையம் வரைக்கும் ஓசியில் வரலாம்' என்பது கணக்கு.

கணக்கு தலைகீழ். இன்றைய இன்ஜின்களில், கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்தால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டருக்குப் போகும் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறீர்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டால் ஆபத்து வேறு வகை. பிரேக்கை மெதுவாக மிதித்தாலே வண்டி நிற்பதற்குக் காரணம், காலுக்குத் துணையாக இருக்கும் வாக்கும் பூஸ்டர். இன்ஜின் நின்றால் அதில் மிச்சமிருக்கும் வாக்கும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும், முழு பலத்தோடு அழுத்தினால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். எதிரே கொண்டை ஊசி வளைவு, அதில் ஏறி வரும் மரவள்ளி லாரி. எவ்வளவு டீசல் மிச்சமானால் இதற்கு ஈடாகும்?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கையால் குறைக்க வழி உண்டு. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருவதைவிட, அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்து, மறுபடி அழுத்துவது நல்லது. அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரத்துப் பக்கம் தீய்ந்த நாற்றம் வந்தால், நீங்கள் கியரை நம்பவில்லை, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிரேக் ஆயில் கொதிக்கும்

பானட்டைத் திறந்து, டிரைவர் பக்கம் இருக்கும் சின்ன வெள்ளைக் குடுவையைப் பாருங்கள். அதில் இருப்பதை நாம் ஆயில் என்றாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சும் திரவம். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி.

மலை இறக்கத்தில் சூடான பிரேக் அந்தச் சூட்டைத் திரவத்துக்கும் கொடுக்கும். திரவம் கொதித்தால் நீராவிக் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, குமிழியை அழுத்தினால் சுருங்கும். உங்கள் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு மெக்கானிக்கிடம் காட்டினால் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும். 'ஒண்ணுமில்லையே சார்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை, குமிழி மறைந்துவிட்டது.

புதிதில் வெளிர் மஞ்சளாக இருப்பது நாள்பட நிறம் மங்கிக் கருக்கும். நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுவது பொது வழக்கம். குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது.

1,14,000 டவேராக்கள்

எஸ்.யூ.வி. பெருகுவதற்கு முன்பு நம் பக்கத்துக் கல்யாணங்களையும் திருப்பதிப் பயணங்களையும் சுமந்தது செவர்லே டவேரா. இன்றும் சில ஓடுகின்றன. இந்தியாவில் பெரிய பரபரப்பைக் கிளப்பிய வாகன அழைப்புகளில் ஒன்று அந்த வண்டியுடையது.

2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 டவேராக்களை அழைத்தது. 2005 முதல் 2013 வரை செய்தவை. பிரேக் கோளாறோ தீப்பிடிக்கும் கோளாறோ இல்லை. புகைச் சோதனையில் நடந்த தில்லுமுல்லு. சோதனைக்குப் போகும் வண்டிகளில், புகை குறைவாக வரும் என்று முன்பே தெரிந்த இன்ஜின்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். வண்டியின் எடைக் கணக்கிலும் விளையாடியிருக்கிறார்கள். கம்பெனியே அரசிடம் போய் ஒப்புக்கொண்டது, ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள், அரசு நிதின் கோகர்ண் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனையில் ஏமாற்றி உலகமே பேசியது 2015-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அதன் சின்னப் பதிப்பு இங்கே நடந்து முடிந்துவிட்டது. நம்மில் பலருக்கு ஃபோக்ஸ்வாகன் கதை தெரியும், டவேரா கதை தெரியாது. செவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டு போய்விட்டது.

தானே கியர் மாறும் வண்டியும் மலைச்சாலையும்

சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் வகையில் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ள எண்ணெய் அழுத்தம் வேண்டும். அதைத் தரும் மின் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் குறை இருக்கலாம் என்று 2024 பிப்ரவரி வாக்கில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஹூண்டாய் தன் கிரெட்டா, வெர்னா 1.5 பெட்ரோல் சி.வி.டி. வண்டிகள் 7,698-ஐ அழைத்தது. கியா 4,358 செல்டோஸ் வண்டிகளை அழைத்தது. இரண்டும் 2023-இன் முதல் பாதியை ஒட்டிச் செய்தவை. கிரெட்டா செய்யப்படுவது நம் இருங்காட்டுக்கோட்டையில். செல்டோஸ் வருவது ஆந்திராவின் அனந்தபூர் பக்கமிருந்து.

டி.சி.டி. என்கிற இரட்டை கிளட்ச் வகையின் கதை வேறு. நடுத்தர எஸ்.யூ.வி.களில் வரும் ஏழு கியர் டி.சி.டி.களில் பல உலர் கிளட்ச் வகை, எண்ணெயில் மூழ்கியிருக்காது. காற்றுப்பட்டுத்தான் சூடு ஆறும். மேட்டில் முன்னால் கரும்பு டிராக்டர் ஊர்ந்து போக, அதன் பின்னாலேயே ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது, மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்ச் போடுவதற்குச் சமம். திரையில் சூட்டு எச்சரிக்கை வந்துவிடும். மேட்டில் நிற்க வேண்டுமானால் பிரேக்கில் நில்லுங்கள், இடைவெளி விட்டு ஒரே மூச்சில் ஏறுங்கள். ஃபோக்ஸ்வாகன் டி.எஸ்.ஜி. என்ற தன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்காக 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளை அழைக்க வேண்டி வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் டீசல் வண்டி நோகும்

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை அது 600 டிகிரி அளவுச் சூட்டில் தானே எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர வண்டி விடாமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து சர்க்கரை ஆலைக்கு, அங்கிருந்து வயலுக்கு என்று ஐந்தைந்து நிமிட ஓட்டமாகவே இருந்தால் கரி எரியாது, அடையும். இழுவை குறையும், விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். கள்ளக்குறிச்சி போய் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். பாதியில் இன்ஜினை அணைக்காதீர்கள். டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம். எரிந்து முடியாத டீசல் ஆயிலோடு கலந்திருக்கிறது, ஆயிலை மாற்ற வேண்டும்.

சில டீசல் வண்டிகளுக்குத் தனி டாங்கில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டியிருக்கும். 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த நீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு: அதிலுள்ள கலப்புகள் விலை உயர்ந்த அந்தச் சாதனத்தையே கெடுத்துவிடும். மூட்டை வயலுக்கே போகட்டும்.

டயரில் எழுதியிருக்கும் பிறந்த தேதி

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் ஐந்து டயரையும், ஸ்டெப்னி உள்பட, படித்துப் பாருங்கள்.

எஸ்.யூ.வி.யும் டயரும் சேர்ந்து உண்டாக்கிய பெரிய விபரீதம் அமெரிக்காவில் நடந்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்.யூ.வி.யில் மாட்டியவை. வேகமாக ஓடும்போது டயரின் மேல்பட்டை உரிந்து வண்டி உருண்டது. 270 பேருக்கு மேல் செத்தார்கள். வெப்பமான மாநிலங்களில்தான் அதிகம். ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. மட்டுமே என்பது பெரிய சர்ச்சையானது. காற்று குறைந்தால் டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடாகும். அதே ஆண்டு அமெரிக்காவில் அதற்காகவே சட்டம் வந்தது. இன்று உங்கள் வண்டித் திரையில் காற்று குறைந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது வளர்ந்தது அந்தச் சட்டத்திலிருந்துதான்.

ஏர்பேக்கே ஆளைக் குத்திய கதை

ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளில், பையை ஊத வைக்கும் மருந்தாக அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும். அப்புறம் விபத்தில் பை விரியும்போது உலோகக் குடுவையே வெடித்துத் துண்டு துண்டாக ஆள்மேல் பாயும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகள் அழைக்கப்பட்டன, டகாட்டா 2017-இல் திவாலானது.

நம் ஊருக்கு இதில் என்ன? ஃபோர்டு இந்தியா 2019-இல் 22,690 பழைய எண்டேவர்களை முன் ஏர்பேக்குகளுக்காக அழைத்தது. 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை சென்னை ஆலையில் செய்தவை. 2021-இல் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அந்த எண்டேவர்கள் மூன்றாவது நான்காவது கைக்கு வந்து, கட்சிக் கொடி கட்டிக்கொண்டு ஓடுகின்றன. வாங்கியவரிடம் 'ஏர்பேக் மாத்தினாங்களா?' என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? அந்த வயதுடைய எண்டேவர் உங்களிடம் இருந்தால், இந்தப் பத்தியின் மற்ற துணுக்குகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேட்டின் மேல் மேட்

வண்டியோடு வந்த கால்மிதி, அதன் மேல் ரப்பர் கால்மிதி, சேறு படாமல் இருக்க அதன் மேல் இன்னொன்று. டிரைவர் பக்கம் இது ஆகவே ஆகாது. நழுவி ஆக்ஸிலரேட்டரில் சிக்கினால் வண்டி தானாக ஓடும். 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு இந்தக் கால்மிதிப் பிரச்சினைக்காகவே எச்சரிக்கை விட்டது. தொடர்ந்து மிதியே சிக்கிக்கொள்ளும் புகார்களும் வந்து, உண்மையை மறைத்ததற்காக 2014-இல் 120 கோடி டாலர் கட்டியது.

தண்ணீரில் போகாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது

2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் வண்டிகளை அழைத்தது. விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எர்டிகா, எக்ஸ்.எல். 6, சியாஸ். 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை செய்தவை. மோட்டார் ஜெனரேட்டர் பகுதியில் குறை. பாகம் மாற்றும்வரை தேங்கிய நீரில் ஓட்டாதீர்கள், மின் பாகங்கள்மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று அறிவிப்பிலேயே இருந்தது. எர்டிகா நம் பக்கத்து வாடகை வண்டி. எத்தனை எர்டிகாவைப் பம்புசெட்டில் நிறுத்திப் பைப்பால் பீய்ச்சியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கவலையும்.

2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி மாவட்டத்தை எப்படிப் புரட்டியது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்பது கம்பெனிக் கணக்கு. அது நிற்கும் நீருக்கு. ஓடும் நீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியை இழுத்துவிடும். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பல சாதாரண பாலிசிகள் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது, இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

எலி

நெல்லும் மக்காச்சோளமும் கொட்டியிருக்கும் களத்தை ஒட்டி நிறுத்தும் வண்டிக்கு எந்தக் கம்பெனிக் குறையையும்விட எலிதான் பெரிய எதிரி. நாலு நாள் எடுக்காத வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள்.

முள் பொய் சொன்னால்

2025 நவம்பரில் மாருதி 39,506 கிராண்ட் விட்டாராக்களை அழைத்தது. எரிபொருள் அளவு முள் சரியாகக் காட்டாது என்பதற்காக. அதே அடித்தளத்தில் வரும் டொயோட்டா ஹைரைடரிலும் அதே குறைக்காக 11,529. டவுனில் இது தொந்தரவு மட்டும். மலைமேல் இருட்டும் நேரத்தில் அப்படியில்லை. மேலே போகும் முன் கீழேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பத்து ரூபாய்க் கிளிப், ஐயாயிரம் ரூபாய்க் கம்பி

சீட் பெல்ட் போடாமல் இருக்க, பக்கிளில் செருகி ஒலியை நிறுத்தும் கிளிப் ஒன்று விற்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 பட்டியல்களை நீக்க வைத்தது. பெல்ட் போடாதவர்மேல் ஏர்பேக் விரிந்தால் அது காப்பாற்றுவதற்குப் பதில் காயப்படுத்தலாம். பெல்ட்டை ஏமாற்றினால் ஏர்பேக்குக்குக் கொடுத்த காசும் வீண்.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியும் இதே ரகம். மாடு முட்டினால் வண்டி தப்பும் என்று மாட்டுகிறார்கள். மோதலின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும் சென்சாரை அது குழப்பும், நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியை நசுங்கவிடாது. 2017 டிசம்பரில் மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பி இதைத் தடுத்தது. வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சுற்றறிக்கை கடைவீதிவரை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம்

2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம், தாமே முன்வந்து வண்டிகளை அழைக்கும் நடைமுறையைத் தொடங்கியது. கட்டாயம் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே குறையைப் பற்றிப் போதிய எண்ணிக்கையில் புகார் வந்தால், வண்டிகளை அழைக்கும்படி அரசே உத்தரவிடலாம். பழுது பார்க்க வேண்டும், இல்லை மாற்று வண்டி தர வேண்டும், இல்லை முழுப் பணம் தர வேண்டும் என்று பிரிவு சொல்கிறது. விதிகளின்படி அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும்.

இதில் எழுத்து பலமானது, நடப்பு பலவீனமானது என்பது என் எண்ணம். மேலே சொன்ன இந்திய அழைப்புகளைப் பாருங்கள், கம்பெனிகள் தாமாக அறிவித்தவை. உத்தரவு வர வேண்டுமென்றால் புகார் சேர வேண்டும். புகார் சேர நாம் எழுத வேண்டும். நாமோ டீக்கடையில் மட்டும் எழுதுகிறோம், காற்றில். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் புகாரைப் பதிவு செய்ய இடம் இருக்கிறது.

பதினேழு எழுத்து

உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரில் 17 இடங்கள் இருக்கும். அதில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். எம்.ஏ.1 என்று தொடங்கினால் மகிந்திரா, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.டி. என்றால் டாட்டா. ஆர்.சி.யில் இருக்கும். சில வண்டிகளில் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியே நின்றே படிக்கலாம். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். அது சிரமம் என்றால் கள்ளக்குறிச்சியிலோ விழுப்புரத்திலோ சேலத்திலோ உங்கள் வண்டிக்கான சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போதும். இரண்டு விஷயம் கேளுங்கள்: 'இந்த நம்பருக்கு முடிக்காத அழைப்பு ஏதாவது இருக்கிறதா? உங்கள் பதிவில் யார் பெயர், யார் போன் நம்பர் இருக்கிறது?' பெயர் பழையதாக இருந்தால் அந்த போனிலேயே மாற்றச் சொல்லுங்கள். பதிவை மாற்றவோ, அழைப்பில் உள்ள பாகத்தைப் பொருத்தவோ உங்களிடம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.